எரிமலைக்குத் திரும்பியவர்கள்

என் நண்பர் ஒருவர் பொதுப்பணித் துறையில் முப்பது வருஷம் பொறியியல் வல்லுநராக இருந்து ஓய்வு பெற்றவர். பாலம் கட்டுவதிலும் கரை போடுவதிலும் ஆயுளைச் செலவிட்டவருக்கு, அபாயம் என்றால் அதற்கு ஓர் அளவு உண்டு, அந்த அளவுக்குத் தகுந்த பரிகாரமும் உண்டு என்பது தீர்மானமான எண்ணம். மாலை வேளைகளில் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருவார். அன்று வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தார்.

"உலகத்தில் எத்தனையோ விதமான பைத்தியங்கள் உண்டு. எரிமலை வெடித்துத் தப்பி ஓடி வந்தவர்கள், நல்ல வீடும் வேலையும் கிடைத்த பிறகு, மறுபடியும் அந்த எரிமலைக்கே போகவேண்டும் என்று ஓட்டுப் போட்டார்களாம். நீர் கதை எழுதுகிறவர். இதற்கு என்ன சொல்கிறீர்?" என்றார்.

அவர் சொன்னது டிரிஸ்டன் ட குன்ஹா என்ற தீவைப் பற்றி. நானும் அதைப் பற்றிப் படித்திருந்தேன். ஆனாலும் அன்று அவரோடு சேர்ந்து நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அவர் சாதாரணமாக இன்னொரு வார்த்தை சொன்னார்: "உங்கள் அம்மாவை நீர் கிராமத்திலிருந்து அழைத்து வந்தீரே, அவர் திரும்பிப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பீரா?"

நான் பதில் சொல்லவில்லை. பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி திண்ணையை விட்டு எழுந்து போகவில்லை. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் தீவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இடத்தைப் பார்க்காமல் மனிதர்கள் மேல் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

தெற்கு அட்லாண்டிக் சமுத்திரத்தின் நடுவே, ஆப்பிரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் இடையில் இருக்கிறது அது. கேப்டவுன் நகரத்திலிருந்து ஏறக்குறைய 1,750 மைல். மனிதர் வாழும் அடுத்த தீவான செயின்ட் ஹெலினா 1,500 மைலுக்கு அப்பால். விமானம் இறங்க இடமில்லை. இன்றும் கேப்டவுனில் கப்பல் ஏறி, கடல் அனுமதித்தால் ஒரு வார காலத்தில் போய்ச் சேரலாம். இவ்வளவு தொலைவில், வேறு எவருடைய அண்டையும் இல்லாமல் மக்கள் வாழும் இடம் பூமியில் வேறு இல்லை என்று சொல்கிறார்கள்.

தீவு என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு மலையின் தலை. சமுத்திரத்தின் தரை அங்கே சுமார் 11,500 அடி ஆழத்தில் இருக்கிறது. அந்தத் தரையிலிருந்து எழும்பி, நீரைக் கிழித்துக்கொண்டு, மேலும் 6,700 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கிறது எரிமலை. அதன் உச்சிக்கு 'ராணி மேரி சிகரம்' என்று பெயர். உச்சியில் உள்ள எரிவாயில் மழைநீர் தேங்கி ஒரு குளம். நெருப்பு வந்த வாயில் நீர் நிற்கும் காட்சியைக் கண்டவர்கள், அந்த மலை அணைந்துவிட்டது என்று நம்பியதில் ஆச்சரியம் என்ன?

தீவு ஏறக்குறைய வட்டமானது. குறுக்கே ஏழெட்டு மைல். பெரும்பாலான பக்கங்களில் கடலிலிருந்து நேர் செங்குத்தாக 2,000 அடிச் சுவராகப் பாறை எழுகிறது. அந்தச் சுவருக்கும் கடலுக்கும் இடையே, வடமேற்கில் மட்டும் ஒரு குறுகிய சமவெளி. எரிமலை எப்போதோ கக்கிய பாறைகளும் மேலிருந்து சரிந்த கற்களும் சேர்ந்து உண்டாக்கிய நிலம் அது. ஊர், மேய்ச்சல் நிலம், உருளைக்கிழங்குத் தோட்டம் எல்லாம் அந்தத் துண்டு நிலத்தில்தான். எரிமலை கொடுத்த பிச்சையில் குடியிருக்கிறார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

பூகர்ப்ப சாஸ்திரிகள் இந்தத் தீவின் கதையை இன்னும் பின்னால் கொண்டுபோகிறார்கள். பூமியின் ஆழத்திலிருந்து வெப்பம் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஊற்றுப்போல மேலெழுகிறது. அதன்மேல் பூமியின் ஓடு மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கிறது. அந்த ஊற்றின் வேலைதான் டிரிஸ்டன் என்பது அவர்களில் பலருடைய முடிவு. ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் ஒரே நிலமாக ஒட்டிக் கிடந்து, சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரியத் தொடங்கிய காலத்தில், பிரேசிலிலும் நமீபியாவிலும் பரந்த எரிமலைக் குழம்புச் சமவெளிகள் உண்டாயின. அந்தச் சமவெளிகளோடு இந்த ஊற்றைச் சம்பந்தப்படுத்துகிறார்கள். நமீபியாக் கரையிலிருந்து தீவின் திசையில் கடலுக்கடியில் நீளும் வால்விஸ் என்ற மலைத்தொடர், அந்த ஊற்று நடந்து வந்த தடம்போல் கிடக்கிறது. கண்டங்கள் பிரிந்த கதையின் கடைசி வரி அந்தத் தீவு. அதன் வெளியே தெரியும் பாறைகளோ பூமியின் கணக்கில் நேற்றுப் பிறந்தவை. ஒன்றிரண்டு லட்சம் ஆண்டுகளுக்கு மேல் வயது சொல்ல முடியாது.

இப்படிப்பட்ட இடத்தில் மனிதன் எப்படிக் குடியேறினான்? 1506-ல் இந்தியாவை நோக்கி வந்துகொண்டிருந்த போர்த்துகீசியக் கப்பல் தலைவர் ஒருவர் அதைக் கண்டார். தம் பெயரைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். முந்நூறு வருஷம் கழித்து, நெப்போலியனைச் செயின்ட் ஹெலினாவில் சிறை வைத்த பிரிட்டிஷார், அவனை மீட்க யாராவது இந்தத் தீவைத் தளமாகப் பயன்படுத்திவிடப் போகிறார்களே என்று பயந்து, 1816-ல் அங்கே ஒரு சிறு படையை இறக்கினார்கள். மறு வருஷமே அது வீண் செலவு என்று தோன்றிவிட்டது. படை திரும்பியது. வில்லியம் கிளாஸ் என்ற ஸ்காட்லாந்துச் சிப்பாய் மட்டும், மனைவி மக்களோடும் இரண்டொரு தோழர்களோடும், இங்கேயே இருந்துகொள்கிறேன் என்று அனுமதி கேட்டுத் தங்கிவிட்டார்.

அந்தத் தோழர்கள் 1817-ல் ஓர் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட்டார்கள். சொத்திலும் லாபத்திலும் எல்லோருக்கும் சம பங்கு. ஒருவர் மேல் ஒருவர் அதிகாரம் செலுத்தக் கூடாது என்பது அதன் சாரம். பட்டாளத்தில் உத்தரவுக்குப் பணிந்து பழகியவர்கள், உத்தரவு போடுகிறவன் இல்லாத ஓர் ஊரை உண்டாக்க நினைத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பிறகு கப்பல் உடைந்து கரையேறியவர்கள், திமிங்கில வேட்டைக்கு வந்தவர்கள், செயின்ட் ஹெலினாவிலிருந்து மணம் செய்துகொள்ளச் சம்மதித்து வந்த பெண்கள் என்று ஊர் வளர்ந்தது. ஸ்காட்லாந்து, இங்கிலாந்து, ஹாலந்து, அமெரிக்கா, இத்தாலி எல்லாம் அந்த ஒரு தெருவில் கலந்தன. ஊர் முழுவதற்கும் ஏழே குடும்பப் பெயர்கள். 1867-ல் எடின்பரோ கோமகன் வந்து போனதிலிருந்து ஊருக்கு 'ஏழு கடல்களின் எடின்பரோ' என்று பெயர். பெயர் மட்டும் பெரியது. கல் சுவரும் புல் கூரையுமாகச் சில வீடுகள், கான்வாஸ் போர்த்திய படகுகள், உருளைக்கிழங்கு, மீன், கடற்பறவை முட்டை, ஆடு மாடு. நாணயப் புழக்கம் வெகு காலம் இல்லை. கொடுக்கல் வாங்கலுக்கு உருளைக்கிழங்கே அளவுகோலாக இருந்தது.

சுகமான வாழ்க்கை என்று நான் சொல்ல வரவில்லை. 1885-ல் கடந்து சென்ற ஒரு கப்பலிடம் பண்டமாற்றுச் செய்யப் படகில் போன 15 ஆண்கள் திரும்பவே இல்லை. கைவிரல் விட்டு எண்ணக்கூடிய ஆண்கள் உள்ள ஊரில் பதினைந்து பேர். அநேகமாக ஒவ்வொரு வீட்டிலும் ஒரு விதவை. அதற்குப் பிறகும் ஊர் காலியாகவில்லை.

இனி 1961-க்கு வருவோம். ஆகஸ்ட் மாதம் முதலே பூமி அடிக்கடி நடுங்கியது. மலைச் சுவரிலிருந்து கற்கள் உருண்டன. கதவுகள் நிலையோடு இறுகிக்கொண்டு திறக்க மறுத்தன. அக்டோபர் 8, 9 தேதிகளில் ஊருக்குக் கிழக்கே, வீடுகளிலிருந்து கூப்பிடு தூரத்தில், நிலம் பிளந்தது. பிளந்த இடம் மேடாக வீங்கியது. ஆடு நின்றிருந்த புல்தரை, கண்ணெதிரே குன்றாக எழுந்தது. 264 தீவுவாசிகளும் அன்றிரவை ஊருக்கு மேற்கே உருளைக்கிழங்குத் தோட்டங்களில் கழித்தார்கள். மறுநாள் 10-ம் தேதி, மீன்பிடிக் கப்பல்கள் இரண்டு அவர்களை ஏற்றி அருகேயுள்ள நைட்டிங்கேல் தீவுக்குக் கொண்டுபோயின. அங்கிருந்து ஒரு டச்சுக் கப்பல் கேப்டவுனுக்குக் கொண்டு சேர்த்தது. கேப்டவுனிலிருந்து வேறு கப்பலில் இங்கிலாந்து. நவம்பர் 3-ம் தேதி சௌதாம்ப்டன் துறைமுகத்தில் இறங்கினார்கள்.

ஓர் உயிர்கூடச் சேதமில்லை. அந்தப் பெருமை, காலத்தில் தீர்மானம் செய்தவர்களையும் கப்பல்காரர்களையும் சேரும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னால் நான் சொல்லப்போவது அவர்களைக் குறை கூறுவதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

இங்கிலாந்து அவர்களை அன்போடுதான் வரவேற்றது. முதலில் சர்ரே மாகாணத்தில் ஒரு பழைய ராணுவ முகாம். பிறகு 1962 ஜனவரியில் சௌதாம்ப்டன் அருகே கால்ஷாட் என்ற இடத்தில் வரிசை வீடுகள். ஆண்களுக்கு வேலை கிடைத்தது. குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம். துணிமணி, கம்பளி, தட்டுமுட்டுச் சாமான்கள் என்று தர்மம் வந்து குவிந்தது. இன்ன தேவை என்று கேட்பதற்கு முன்னாலேயே கொடுத்தார்கள்.

ஆனால் அந்த முதல் குளிர்காலத்தில் முதியவர்கள் சிலர் மார்புச் சளியிலும் காய்ச்சலிலும் இறந்தார்கள். வெளியுலகத்தின் சாதாரண ஜலதோஷம்கூட அந்தத் தீவுவாசிகளுக்குப் பகையாக இருந்தது. எரிமலை தொடாத உயிர்களை இங்கிலாந்தின் ஈரக்காற்று தொட்டது. இதை வைத்து, எரிமலையே மேல் என்று வாதம் செய்ய நான் தயாராக இல்லை. கிழவர்கள் எங்கும் இறக்கிறார்கள். ஆனால் 'பத்திரமான இடம்' என்று நாம் சொல்லும்போது, யாருக்குப் பத்திரம், எதிலிருந்து பத்திரம் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்காமல் விட்டுவிடுகிறோம் என்பதற்கு அது ஒரு சாட்சி.

1962 தொடக்கத்தில் லண்டன் ராயல் சொஸைட்டி விஞ்ஞானிகளின் குழு ஒன்றைத் தீவுக்கு அனுப்பியது. அவர்கள் கண்டது இது: எரிமலைக் குழம்பு ஊரின் பக்கம் திரும்பாமல் கடலை நோக்கி வழிந்திருந்தது. படகு இறங்கும் கரைகளையும், நண்டு இறால் பதப்படுத்தும் தொழிற்சாலையையும் மூடிவிட்டிருந்தது. வீடுகள் அநேகமாக அப்படியே நின்றன. கைவிடப்பட்ட நாய்கள் காட்டு மிருகங்களாக மாறி ஆடுகளைக் கொன்று தின்றிருந்தன. மலை மெதுவாக அடங்கிக்கொண்டிருந்தது.

இந்தச் செய்தி கால்ஷாட்டுக்கு வந்தது முதல், அங்கே ஒரே பேச்சு. 1962 செப்டம்பரில் 12 பேர் கொண்ட முன்னணிக் குழு ஒன்று தீவில் இறங்கிக் கூரைகளைச் செப்பனிட்டுக் கிழங்கு நட்டது. அந்த வருஷம் டிசம்பரில் வயது வந்தவர்களிடம் ஓட்டு எடுத்தார்கள். திரும்ப வேண்டும் என்று 148 பேர். வேண்டாம் என்று 5 பேர். 1963-ல் இரு பிரிவுகளாகக் கப்பலேறிப் போய்விட்டார்கள்.

பத்திரிகைகளுக்கு இது பெரிய ஆச்சரியமாக இருந்தது. நாகரிகத்தை நிராகரித்தவர்கள் என்று சிலர் புகழ்ந்தார்கள். என் நண்பரைப் போலச் சிலர் சிரித்தார்கள். புகழ்ச்சி, சிரிப்பு இரண்டிலுமே எனக்கு இப்போது திருப்தி இல்லை.

சிரிப்பவர்களை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அவர்களுடைய வாதம் பலமானது. அதை மறுநாள் நண்பர் இன்னும் பலமாகச் சொன்னார்.

"பெரியவர்கள் தங்கள் உயிரைப் பணயம் வைக்கட்டும், நான் கேட்கவில்லை. குழந்தைகளை எதற்கு அழைத்துப் போனார்கள்? அந்தக் குழந்தைகள் ஓட்டுப் போட்டனவா?"

இது சாமானியமான கேள்வி அல்ல. இதற்குத் தாய்நாட்டுப் பற்று, மண் வாசனை என்றெல்லாம் பதில் சொல்லித் தப்பித்துக்கொள்வது நியாயமாகாது. அந்த மலையைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தது, அவர்கள் திரும்பிய போது தெரிந்ததைவிட அதிகம். உச்சியில்தான் வெடிக்கும் என்பதில்லை. பக்கவாட்டில் எங்கும் பிளக்கலாம். சரிவுகள் முழுவதும் பழைய சிறு எரிவாய்கள் சிதறிக் கிடக்கின்றன. அடுத்தது எங்கே, எப்போது என்று சொல்லக்கூடிய ஓர் ஒழுங்கும் தென்படவில்லை. 2004 ஜூலையில் தீவு மறுபடியும் நடுங்கியது. பிறகு கடலில் நுரைக்கற்கள் மிதந்து வந்தன. அருகே கடலுக்கடியில் எரிமலை வாய் திறந்திருந்தது. ஆகவே அபாயம் போய்விட்டது என்று எவரும் சத்தியம் செய்ய முடியாது. அவர்கள் உத்தரவாதம் பெற்றுத் திரும்பவில்லை.

அப்படியானால் குழந்தைகள்?

நான் யோசித்துப் பார்த்தேன். எந்தப் பெற்றோரும் குழந்தைக்கு அபாயமே இல்லாத ஓர் உலகத்தைக் கொடுப்பதில்லை. அவர்கள் செய்வது ஒரு தேர்வு. இந்த அபாயமா, அந்த அபாயமா என்பதுதான் அவர்கள் முன்னால் இருக்கும் கேள்வி. நகரத்தில் வளர்க்கிறவன் மோட்டார் வண்டியையும் தூசியையும் அடுத்த வீட்டுக்காரன் பெயர் தெரியாத வாழ்க்கையையும் குழந்தைக்குத் தேர்ந்தெடுக்கிறான். நாள்தோறும் சிறிது சிறிதாக வருகிற அபாயத்தை நாம் அபாயம் என்று எண்ணுவதில்லை. ஒரே நாளில், புகையும் நெருப்புமாக வருவதைத்தான் எண்ணுகிறோம். எரிமலை கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் அதன்மேல் குடியிருக்கிறவன் பைத்தியக்காரனாகத் தெரிகிறான்.

இப்படிச் சொன்னதும் நண்பர் விடவில்லை. "இது வக்கீல் வாதம். எல்லா இடத்திலும் அபாயம் உண்டு என்பதால் எல்லா அபாயமும் சமம் ஆகிவிடுமா?" என்றார்.

ஆகாது. அவர் சொன்னது சரி. அபாயங்களுக்கு அளவு உண்டு. தெரிந்த அபாயத்துக்கு முன்னேற்பாடு செய்யாதவன் தைரியசாலி அல்ல, அசிரத்தைக்காரன். தீவுக்குத் திரும்பியவர்கள் அசிரத்தையாக இருந்தார்களா? எரிமலை பழைய படகுக் கரைகளை மூடிவிட்டதால், புதிதாக ஒரு சிறு துறைமுகம் கட்டப்பட்டது. 1967-ல் அது திறக்கப்பட்டது. ஊர் பிழைப்பதற்கு அதுதான் வழி. ஊரை விட்டு ஓட நேர்ந்தால் அதற்கும் அதுதான் வழி. அந்தத் துறைமுகத்துக்கு வைத்த பெயரைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். 'கால்ஷாட்' என்பது அதன் பெயர்.

இந்தப் பெயர், புகழ்கிறவர்களுக்கும் ஒரு பதில். இங்கிலாந்தை வெறுத்து ஓடியவர்கள் தங்கள் துறைமுகத்துக்கு அதன் பெயரை வைப்பார்களா? அவர்களுக்குக் கால்ஷாட்டின் மேல் நன்றி இருந்தது. அங்கே வாழ்நாள் முழுவதும் இருக்க விருப்பம் இல்லை. நன்றி ஒன்று, விருப்பம் வேறொன்று. உபகாரம் செய்கிறவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தோமே, இனி நாங்கள் வைத்த இடத்தில் இருப்பதுதானே நியாயம் என்று வாய் சொல்லாவிட்டாலும் மனம் சொல்கிறது.

புகழ்கிறவர்கள் மறந்துவிடும் இன்னொரு விஷயமும் உண்டு. திரும்பிப் போன மூன்றே வருஷத்தில், 1966-ல், முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மறுபடியும் தீவை விட்டு இங்கிலாந்துக்கே வந்தார்கள். பிறகு அவர்களில் சிலர் திரும்பவும் தீவுக்கே போனார்கள். அந்த 5 ஓட்டுக்காரர்களையும் நான் மறக்கவில்லை. நூற்று நாற்பத்தெட்டுப் பேர் ஒரு பக்கம் இருக்கும்போது, உறவினரும் சுற்றத்தாருமாக எல்லோரையும் பெயர் சொல்லித் தெரிந்த ஒரு கூட்டத்தில், மாட்டேன் என்று ஓட்டுப் போட எவ்வளவு திடம் வேண்டும்! மின்விளக்கையும் கடைத்தெருவையும் விரும்பினால் அது குற்றமா? அவர்களும் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே தீர்மானம் செய்தவர்கள்தான்.

ஆகவே, தீவு உயர்ந்ததா நகரம் உயர்ந்ததா என்ற பட்டிமன்றத்துக்கு இந்தச் சரித்திரத்தில் இடம் இல்லை என்று எனக்குப் படுகிறது. போனார்கள், வந்தார்கள், மறுபடி போனார்கள். ஒவ்வொரு தடவையும் அவர்களே கேட்டார்கள், அவர்களே முடிவு செய்தார்கள். 1817-ல் ஒருவர்மேல் ஒருவர் அதிகாரம் வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்திட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். இங்கிலாந்தில் அவர்களுக்குக் கூலி கிடைத்தது, வீடு கிடைத்தது. ஆனால் மணியடித்தால் போய் மணியடித்தால் வரவேண்டிய வேலை. தீவில், காற்றைப் பார்த்து இன்று படகு இறக்கலாமா வேண்டாமா என்று அவர்களே தீர்மானிப்பார்கள். தவறாகத் தீர்மானித்தால் சாவு என்பதும் அவர்களுக்குத் தெரியும். 1885 அவர்களுக்குக் கதை அல்ல, குடும்பச் செய்தி. அந்தத் தீர்மானிக்கும் வாழ்க்கையைத்தான் அவர்கள் திரும்பக் கேட்டார்கள் என்பது என் எண்ணம்.

பிரிட்டிஷ் சர்க்காரையும் இங்கே பாராட்ட வேண்டும். அவர்கள் திரும்பிப் போவதை அந்த அதிகாரிகள் விரும்பினார்களா என்பது வேறு விஷயம். கேட்டார்கள். கேட்ட பிறகு கிடைத்த பதிலுக்குக் கட்டுப்பட்டுக் கப்பல் கொடுத்தார்கள். ஆபத்து வேளையில் கேட்காமல் தூக்கிக்கொண்டு போவது தர்மம். நெருப்பு எரியும்போது ஓட்டெடுப்பு நடத்த முடியாது. ஆனால் நெருப்பு அடங்கிய பிறகும் கேட்காமல் இருப்பது தர்மம் ஆகாது. காப்பாற்றுகிறவனுடைய அதிகாரம் கரை சேர்க்கும் வரையில்தான். கரை சேர்ந்த பிறகு, காப்பாற்றப்பட்டவன் மறுபடியும் முழு மனிதன்.

இந்த வாக்கியத்தை எழுதிவிட்டுச் சிறிது நேரம் பேனாவை மூடி வைத்திருந்தேன்.

எங்கள் கிராமம் ஓர் ஆற்றங்கரையில் இருக்கிறது. ஒரு ஐப்பசியில் வெள்ளம் வந்து வீட்டுப் பின்கட்டு இடிந்தது. அம்மா தனியாக இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் அவளைக் கோவில் மண்டபத்தில் கொண்டுபோய் வைத்துக்கொண்டு எனக்குத் தகவல் சொன்னார்கள். மறுநாளே போய் அழைத்து வந்துவிட்டேன். அதில் எனக்கு இன்றும் வருத்தம் இல்லை.

பட்டணத்தில் அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. காற்றோட்டமான அறை. ஐந்து நிமிஷத்தில் டாக்டர். வேளைக்குக் காபி. வந்தவர்கள் எல்லோரும், "பிள்ளை என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும்!" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கும் கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆறு வருஷம் இருந்தாள். வெள்ளம் வடிந்தது, பின்கட்டைச் செப்பனிட்டேன், வீடு பூட்டிக் கிடந்தது. தை பிறந்தது, சித்திரை பிறந்தது. "அம்மா, திரும்பிப் போக விருப்பமா?" என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை. கேட்டால் 'ஆமாம்' என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம் அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம்.

அவளும் சொன்னதில்லை. ஊரிலிருந்து யாராவது வந்தால் மட்டும், "இந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் எந்தப் படி வரைக்கும் வந்தது?" என்று கேட்பாள். படித்துறையின் படிகளை எண்ணிப் பதில் சொல்வார்கள். ஆறாம் படி, எட்டாம் படி என்று. கேட்டுக்கொண்டு தலையை ஆட்டுவாள். வெள்ளத்தைக் கண்டு இன்னும் பயம் போகவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் நண்பர் வந்தபோது இதை அவரிடம் சொன்னேன். அவர் வழக்கம்போல உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "என் தகப்பனாரையும் நான் கேட்கவில்லை" என்றார்.

அன்று நாங்கள் இருவரும் எரிமலையைப் பற்றிப் பேசவில்லை. வாசகர்களில் யாருடைய வீட்டிலாவது, ஆபத்திலிருந்து மீட்டுக் கொண்டுவந்த ஒரு பெரியவர், வேளைக்கு உண்டு, குறை சொல்லாமல், ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தால், தயவுசெய்து இன்று மாலை அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் சொல்கிறபடி செய்ய முடியாமல் போகலாம். அதை அவரிடமே சொல்லலாம். அவர் 'வேண்டாம், இங்கேயே இருக்கிறேன்' என்றும் சொல்லலாம். ஐந்து பேர் அப்படியும் சொன்னார்கள். எப்படியானாலும் கேளுங்கள்.

தெற்கு அட்லாண்டிக்கின் நடுவே அந்த மலை இன்றும் நிற்கிறது. அதன் அடியில் இருநூற்றுச் சொச்சம் பேர் கிழங்கு நட்டுக்கொண்டு இருக்கிறார்கள். 1961-ல் பிளந்து எழுந்த கரிய குன்று வீட்டு வாசலிலிருந்தே தெரியும். தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் கதவைத் திறக்கிறார்கள்.